கீசர் தெர்மோஸ்டாட் புதுசு மாத்தியும் தண்ணி கொதிக்குது, கட்-அவுட் தெறிக்குது – வயரிங் தப்பா குடுத்துட்டனா?

நாகலூர் மிளகு

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்க வீடு. பழைய ஓட்டு வீடு, பாத்ரூம் பின்னாடி தனியா நிக்கும், வீட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு இருவது அடி முத்தம். அந்த பாத்ரூம்லதான் 25 லிட்டர் கீசர், 2000 வாட், போட்டு ஆறு வருசம் ஆச்சு.

கார்த்திகையில இருந்து தொல்லை. உள்ள வட்டமா ஒரு கட்-அவுட் இருக்குதுங்களே, சூடு அளவுக்கு மீறினா கரண்ட நிறுத்தறது, நடுவுல செவப்பு பட்டன், அது தெறிச்சிருது. மூடியக் கழட்டி அமுக்கி விட்டா ஓடும். முதல்ல வாரத்துக்கு ஒருதடவ தெறிச்சது, இப்ப தினமும். தெர்மோஸ்டாட்தான் போயிருச்சுன்னு நெனச்சு, சேலம் போனப்ப அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடையில ராடு மாடல் தெர்மோஸ்டாட் வாங்கிட்டு வந்து நானே மாட்டினேன். பழசக் கழட்டறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அதே மாதிரியேதான் குடுத்தேன். கட்-அவுட்ல இருந்து ஒரு ஒயர் வந்து தெர்மோஸ்டாட்ல ஏறுது, தெர்மோஸ்டாட்ல இருந்து இன்னொரு ஒயர் தண்ணி காய வைக்கற காயிலுக்குப் போகுது, காயிலோட இன்னொரு முனை நேரா வர்ற ஒயர்ல சேருது. பச்சை ஒயர் தகட்டுல இருக்கற போல்ட்டுல. இவ்வளவுதான்.

மாட்டின அன்னைக்கு நல்லா இருந்துச்சு. 60ல வச்சேன், முக்கா மணி நேரத்துல லைட்டு அணைஞ்சது, சரி வேலை செய்யுதுன்னு விட்டுட்டேன். மறுநாளே குழாயத் திறந்தா தண்ணிக்குப் பதிலா புஸ்ஸு புஸ்ஸுனு ஆவி வருது, கட்-அவுட் தெறிச்சுக் கெடக்குது. லைட்டு அணைஞ்சுதான் இருக்குது, ஆனா தண்ணி கொதிக்குது, இதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. தெர்மோஸ்டாட்ல ரெண்டு ஒயரையும் மாத்திக் குடுத்துட்டனான்னு ஒரு சந்தேகம், மாத்தியும் போட்டுப் பாத்தேன், அதே கதைதான்.

இன்னொன்னு, மார்கழின்னு அம்மா காலையில அஞ்சு மணிக்கே குளிச்சிருவாங்க. ராத்திரி சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் படுக்கறோம், ஆனா காலையில சுவிட்ச் போடாமயே தண்ணி கொதிக்கக் கொதிக்க வருதுடான்னு அம்மா சொல்றாங்க. டேங்க் நல்லா சூடு தாங்குது போலன்னு நானும் விட்டுட்டேன். ஈபி பில்லும் இந்தத் தடவ ஏறிக்கெடக்குது. யாராச்சும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, கீழ இருந்து ஆள் கூப்பிட்டா இருவது வளைவு ஏறி வர யோசிக்கறாங்க.

சூரமங்கலம் பையன்

தெர்மோஸ்டாட்ல ரெண்டு ஒயருக்கும் முன்ன பின்ன கிடையாதுங்க, அதுவும் ஒரு சுவிட்ச் மாதிரிதான், சூடு ஏறினா விட்டுரும், எறங்கினா ஒட்டிக்கும். அதனால மாத்திப் போட்டதால ஒண்ணும் ஆகாது. ராடு முழுசா உள்ள போயிருக்குதான்னு பாருங்க. காயில் தகட்டுல ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதுக்குள்ளதான் ராடு உக்காரணும், அரைவாசி வெளிய நின்னுச்சுன்னா தண்ணியோட சூடு அதுக்குத் தெரியாது, லேட்டா கட் பண்ணும். எங்க மாமா வீட்டுல இப்படித்தான் நீளம் கம்மியான ராடு வாங்கிட்டு வந்து மாட்டிட்டு ஒரு வாரம் அவதிப்பட்டாங்க. அப்பறம் ஒயர் முனையில மாட்டற லக்கு லூசா இருந்தாலும் அந்த எடம் சூடாகி, தண்ணி சூடாகாமயே கட்-அவுட் தெறிக்கும். ஒயர் முனை கருத்திருக்குதா, பிளாஸ்டிக் உருகியிருக்குதான்னு பாத்துட்டு சொல்லுங்க.

நாகலூர் மிளகு

ராடு முழுசா போயிருக்குதுங்க, தலை தகட்டுல ஒட்டி நிக்குது. லக்கு எல்லாம் புதுசா அடிச்சேன், டைட்டாத்தான் இருக்குது, கருகல் இல்ல.

ஹில்ஸ் ரைடர் 27

புரோ ரொம்ப யோசிக்காதீங்க. கட்-அவுட்ட கழட்டிட்டு ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தி விட்டுருங்க. எங்க வீட்டுல மூணு வருசமா அப்படித்தான் டைரக்ட்டா ஓடுது. தெர்மோஸ்டாட் இருக்குதுல்ல, அது போதும்.

குகை மின்பணி

தம்பி, மேல டைரக்ட்டா குடுக்கச் சொன்ன தம்பிக்கு முதல்ல சொல்லிக்கறேன். உங்க வீட்டுல மூணு வருசமா ஒண்ணும் ஆகலைன்னா தெர்மோஸ்டாட் இன்னும் கெட்டுப் போகலைன்னு மட்டும்தான் அர்த்தம். அதோட புள்ளி ஒட்டிக்கிச்சுன்னா நிறுத்தறதுக்கு அங்க வேற ஆளே இல்ல. மூடின டேங்க்ல தண்ணி கொதிநிலையத் தாண்டி நிக்கும், எங்கயாச்சும் வெடிப்பு விட்டா அந்தத் தண்ணியில ஒரு பங்கு ஒரே நொடியில ஆவியாகும், ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா ஆயிரத்தி அறுநூறு லிட்டருக்கு மேல எடம் கேக்கும். மேல சேப்டி வால்வுல உப்பு அடைச்சு இருந்துச்சுன்னா அந்த பாத்ரூம் சுவரு நிக்காது. தயவு பண்ணி இன்னைக்கே கட்-அவுட்ட வாங்கி மாட்டுங்க, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கறதா பாத்து.

இப்ப நாகலூர் தம்பிக்கு. நான் 30 வருசத்துக்கு மேல இந்த வேலையில இருக்கறேன், சேலம் குகையிலதான் கடை, மோட்டார் காயில் கட்டறதும் வீட்டு வயரிங்கும். நீங்க எழுதினதுல கடைசியா போற போக்குல ஒண்ணு சொல்லி இருக்கீங்க பாருங்க, சுவிட்ச ஆஃப் பண்ணாலும் காலையில கொதிக்கக் கொதிக்க வருதுன்னு, எனக்கு அதைப் படிச்சதும் மனசு திக்குனு ஆயிருச்சு. மார்கழி மாசம் ஏற்காட்டுக் குளிர்ல ராத்திரி பத்து மணிக்கு 60 டிகிரியில விட்ட தண்ணி காலையில 60ஐ விட சூடா எப்படி இருக்கும்? எவ்வளவு நல்ல டேங்க்கா இருந்தாலும் சூடு எறங்கத்தான் செய்யும், ஏறாது. ஏறுதுன்னா எங்கிருந்தோ கரண்ட் போகுது.

நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. குழாயத் தொட்டா, இல்ல தண்ணியில கை வச்சா சுள்ளுனு ஏதாச்சும் அடிக்குதா? கீசருக்கு பிளக் இருக்குதா, இல்ல ஒயர நேரா பெட்டியில சேத்திருக்குதா? பாத்ரூமுக்கு வர்ற லைன்ல சமீபத்துல யாராச்சும் கை வச்சாங்களா? பாத்ரூமுக்கு ஆர்சிசிபி, அதான் கரண்ட் லீக் ஆனா நிறுத்தற சுவிட்ச், இருக்குதா? பதில் போடற வரைக்கும் மெயின் போர்டுல பாத்ரூம் எம்சிபிய எறக்கி வச்சிருங்க, சுவிட்ச இல்ல, எம்சிபிய. அம்மாவுக்கு விறகு அடுப்புலயே தண்ணி காய வச்சுக் குடுங்க.

நாகலூர் மிளகு

ஐயா எம்சிபிய எறக்கிட்டேன். நீங்க கேட்டதுக்கு ஒண்ணொண்ணா சொல்றேன்.

ஆமாங்க, ஷவர் குழாயத் தொட்டா லேசா எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குனு இருக்கும். நான் செருப்பு போட்டுட்டுப் போறதால பெருசா தெரியல, அம்மா ரெண்டு மூணு தடவ சொன்னாங்க, குளிருக்கு கை மரத்துப் போயிருக்கும்மான்னு சொல்லிட்டேன். இப்ப நெனச்சா வேதனையா இருக்குதுங்க.

பிளக் முன்னாடி இருந்துச்சு, மூணு வருசம் முன்னாடி சாக்கெட் உருகிப் போச்சு, அப்ப வந்தவர் பிளக்க வெட்டிட்டு ஒயர நேரா சுவிட்ச் பெட்டிக்குள்ள சேத்துட்டுப் போயிட்டார். ஆர்சிசிபி வீட்டுலயே எங்கயும் இல்ல. எர்த்துக்கு பாத்ரூம் பக்கத்துலயே ஒரு குழாய் அடிச்சிருக்குது, குளிக்கற தண்ணி போற வழியில.

லைன்ல கை வச்சாங்களான்னு கேட்டீங்க. ஐப்பசி மழையில காத்துக்கு சவுக்கு மரக் கிளை முறிஞ்சு, சில்வர் ஓக்குதான், நாங்க எல்லாம் சவுக்குன்னே சொல்லுவோம், வீட்டுல இருந்து பாத்ரூமுக்கு மேலாலயே போற ஒயர் மேல விழுந்து அறுந்து போச்சு. பக்கத்துல ஒருத்தரக் கூட்டிட்டு வந்து இழுத்துக் கட்டினோம். ரெண்டும் கருப்பு ஒயர்தான். ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டுப் போயிட்டார், லைட்டு எரிஞ்சது, கீசர் ஓடுச்சு, அதுக்கப்பறம் நாங்களும் யோசிக்கல.

குகை மின்பணி

ஐப்பசியில ஒயர் மாறுது, கார்த்திகையில தொல்லை ஆரம்பிக்குது. தம்பி எனக்குக் கிட்டத்தட்ட புரிஞ்சிருச்சு, ஆனா பாக்காம சொல்லக் கூடாது, ஒரு டெஸ்ட் பண்ணுங்க. பகல்ல பண்ணுங்க, கூட ஒருத்தர எம்சிபிகிட்ட நிக்க வைங்க. தரைய நல்லாத் தொடச்சு, காஞ்ச பலகை போட்டு அதுல ரப்பர் செருப்போட நில்லுங்க. எம்சிபி எறக்கி இருக்கறப்பவே கீசர் அடி மூடியக் கழட்டி வச்சிருங்க. பாத்ரூம் சுவிட்ச ஆஃப்லயே வைங்க. டெஸ்டர முதல்ல வீட்டுக்குள்ள எரியற ஒரு சாக்கெட்ல வச்சு அது நல்ல டெஸ்டர்தானான்னு பாத்துக்கோங்க. அப்பறம் எம்சிபிய ஏத்தச் சொல்லி, காயிலோட ரெண்டு முனையிலயும் டெஸ்டர் நுனிய மட்டும் வைங்க, வேற எதையும் தொடாதீங்க, இன்னொரு கை பாக்கெட்ல இருக்கட்டும். பாத்ததும் எம்சிபிய எறக்கச் சொல்லுங்க. தனியா இருந்தீங்கன்னா பண்ணாதீங்க.

நாகலூர் மிளகு

ஐயா, இப்பத்தான் பண்ணிட்டு வந்தேன், கை நடுக்கம் இன்னும் போகல. தம்பிய எம்சிபிகிட்ட நிக்க வச்சேன். சுவிட்ச் ஆஃப்லதான் இருக்குது, ரெண்டு தடவ பாத்துக்கிட்டேன். காயில் முனையில டெஸ்டர வச்சதும் ஆரஞ்சு கலர்ல பளிச்சுனு எரிஞ்சது. அந்தப் பக்கம் முனையில வச்சேன், அங்கயும் எரியுது. தெர்மோஸ்டாட்ல வச்சேன், அங்கயும். பாத்ரூம்ல ஜன்னல் சின்னது, உள்ள இருட்டு, அந்தச் சின்ன லைட்டு எரியறது கையெல்லாம் வெளிச்சமா தெரிஞ்சது. சுவிட்ச் ஆஃப். கீசர்ல ரெண்டு லைட்டும் ஆஃப். ஆனா உள்ள முழுசா பேஸ், கரண்ட் வர்ற லைன், நிக்குது.

போன வாரம் இந்த சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் ஐயா நான் தெர்மோஸ்டாட் மாத்தினேன். ஒயர் முனையை பல்லால உரிச்சேன்.

குகை மின்பணி

அன்னைக்கு உங்கள உங்க குலதெய்வம்தான் காப்பாத்துச்சு தம்பி. இனிமே ஒயரக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி எம்சிபி, அதுக்கப்பறம் டெஸ்டர், ரெண்டும் இல்லாம தொடக் கூடாது. பல்லு வேலையே வேண்டாம்.

இப்ப என்ன நடக்குதுன்னு சொல்றேன், பொறுமையா படிங்க, மத்தவங்களும் படிக்கட்டும். கீசர்ல பேஸ் வந்து முதல்ல கட்-அவுட், அங்கிருந்து தெர்மோஸ்டாட், அங்கிருந்து காயிலோட ஒரு முனை. காயிலோட மறு முனை நியூட்ரல், அதான் கரண்ட் திரும்பிப் போற ஒயர். பாத்ரூம் சுவிட்ச், கட்-அவுட், தெர்மோஸ்டாட் மூணும் ஒரே வரிசையில பேஸ் வழியில நிக்கணும், எது விட்டாலும் பேஸ் காயிலுக்குப் போகாது. நீங்க வயரிங் பண்ணது சரி, உங்க தப்பு அங்க இல்ல. மேல ஒயர் கட்டினவர் ரெண்டு கருப்பு ஒயரையும் மாத்தி முறுக்கிட்டார். அதனால பாத்ரூமுக்குள்ள பேஸ் நியூட்ரல் வழியாவும், நியூட்ரல் பேஸ் வழியாவும் வருது. இப்ப சுவிட்ச், கட்-அவுட், தெர்மோஸ்டாட் மூணும் நிறுத்தறது நியூட்ரலத்தான். பேஸ் எந்தத் தடையும் இல்லாம நேரா காயில்ல வந்து உக்காந்திருக்குது, ராத்திரி பகல் எந்நேரமும்.

லைட்டு ஏன் அணையுதுன்னா, சூடு காட்டற லைட்டு காயிலோட ரெண்டு முனைக்கும் நடுவுல நிக்குது. நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா ரெண்டு முனையிலயும் பேஸ்தான், வித்தியாசம் இல்ல, லைட்டு எரியாது. அதான் டெஸ்டர் ரெண்டு பக்கமும் எரிஞ்சது. லைட்டு அணைஞ்சிருந்தா கரண்ட் இல்லைன்னு யாரும் நம்பாதீங்க.

ஆனா ஒயர் மாறினது மட்டும் தண்ணியக் கொதிக்க வைக்காது. பேஸ் நின்னா போதுமா, போறதுக்கு வழி வேணுமில்ல. அந்த வழி என்னன்னா உங்க காயில் ஓட்டை விட்டிருச்சு. செப்புக் குழாய்க்குள்ள கம்பிச் சுருள், நடுவுல வெள்ளைப் பொடி, குழாய்ல கீறல் விழுந்தா தண்ணி உள்ள ஏறி, கம்பியில இருந்து தண்ணிக்கும் டேங்குக்கும், அங்கிருந்து எர்த்துக்கும் கரண்ட் போயிட்டே இருக்கும். அந்த லீக்கேஜ்தான் உங்க தண்ணிய ராத்திரி முழுக்கக் காய்ச்சுது, அதுதான் ஷவர்ல சுருக்குனுது, பில்லு ஏறினதும் அதாலதான். ஒயர் சரியா இருந்து காயில் மட்டும் போயிருந்தா, சுவிட்ச ஆஃப் பண்ணினாலாச்சும் நின்னிருக்கும். ரெண்டும் சேந்ததுதான் வினை.

மல்டிமீட்டர் இருந்தா எம்சிபிய எறக்கிட்டு காயிலோட ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு அளந்து பாருங்க. முனைக்கு முனை 26 ஓம் பக்கம் காட்டணும், 230 வோல்ட்டுக்கு 2000 வாட் காயில்னா அவ்வளவுதான். முனைக்கும் தகட்டுக்கும் வச்சா ஒண்ணுமே காட்டக் கூடாது.

ஏற்காடு தங்கல்

தம்பி, நான் லேடீஸ் சீட் பக்கம் நாலு ரூம் வச்சு வாடகைக்கு விடறேன், அக்கான்னே கூப்பிடு. உன் பதிவைப் படிச்சுட்டு இப்பவே போய் எங்க ரூம் எல்லாத்துலயும் டெஸ்டர் வச்சுப் பாத்துட்டு வந்தேன், ஒரு ரூம்ல சாக்கெட்ல எடது ஓட்டையில எரியுது. நேரா பாத்தா மேல எர்த், வலது பக்கம்தான் பேஸ் இருக்கணும்னு எனக்கு வயரிங் பண்ணவர் சொல்லிக் குடுத்தது. நாளைக்கே ஆள் வரச் சொல்லி இருக்கறேன்.

எங்ககிட்ட எல்லா ரூமுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்குது. போன வருசம் சீசன்ல ஒரு ரூம்ல திரும்பத் திரும்ப டிரிப் ஆச்சு, கெஸ்ட் கோவிச்சுக்கிட்டாங்க, அதக் கழட்டிருங்க ஓனரேன்னு ஒருத்தர் சொன்னார், நான் மாட்டேன்னுட்டேன். காயிலக் கழட்டிப் பாத்தா வெள்ளை வெள்ளையா கல்லு மாதிரி அப்பியிருக்குது, ஒரு எடத்துல வெடிச்சிருக்குது. போர் தண்ணி. அது டிரிப் ஆகலைன்னா யாரோ ஒரு புள்ளை அதுல குளிச்சிருக்கும். அது சும்மா தொந்தரவு பண்ற சாமான் இல்ல தம்பி, போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் ஒண்ணா இருக்குதான்னு மட்டும் பாத்துட்டே இருக்கும், வித்தியாசம் வந்தா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நிறுத்திரும். பேஸும் நியூட்ரலும் மாறி இருந்தாலும் அது வேலை செய்யும். முதல்ல அதப் போடு.

அப்பறம் ஒண்ணு, நம்ம ஊரு 1500 மீட்டர் ஒசரம், தண்ணி இங்க 95 டிகிரியிலயே கொதிச்சிரும், கீழ சேலத்துல 99 வரைக்கும் போகும். கீழ வாங்கற கட்-அவுட்ல என்ன டிகிரி போட்டிருக்குதுன்னு பாத்து வாங்கு, இங்க கொதிக்கறதுக்கு முன்னாடியே அது தெறிக்கணுமில்ல. தெர்மோஸ்டாட்டையும் 60க்கு மேல வைக்காத, 60 டிகிரி தண்ணியே அஞ்சு ஆறு செகண்டுல தோலை வெந்து போக வச்சிரும், அம்மா வயசானவங்க.

நாகலூர் மிளகு

அக்கா, ஐயா, ரெண்டு பேருக்கும் நன்றி. மீட்டர் பக்கத்து எஸ்டேட்ல வாங்கிட்டு வந்து அளந்தேன். முனைக்கு முனை 26 காட்டுது. பேஸ் வர்ற முனையில இருந்து தகட்டுக்கு 90 ஓம் காட்டுது, ஒண்ணுமே காட்டக் கூடாதுன்னு சொன்னீங்க. தண்ணிய எறக்கிட்டு காயிலக் கழட்டினேன். வளைவுகிட்ட வெள்ளை உப்பு கெட்டியா இருந்துச்சு, நகத்தால சொரண்டினதும் ஒரு பொருக்கு உதிர்ந்தது, அதுக்குக் கீழ தலைமுடி மாதிரி ஒரு கீறல், ஒரு அங்குலம் கூட இருக்காது, ஓரத்துல பச்சையா பாசி பிடிச்ச மாதிரி. அந்தக் கீறல் வழியா உள்ள இருந்த பொடி ஈரமாகி சாம்பல் நிறத்துல கசிஞ்சு வெளிய வந்து காஞ்சு கெடந்துச்சு. பக்கத்துல, டேங்க் அரிக்காம தான் அரிஞ்சு கரையற மெக்னீசியம் ராடு இருந்த எடத்துல வெறும் கம்பிதான் மிச்சம்.

குகை மின்பணி

அதான், அதேதான். 90 ஓம்னா கணக்குப் போட்டுக்கோங்க, எர்த் ஒரு 10 ஓம்னு வச்சாலும் ரெண்டு ஆம்பியருக்கு மேல ஓடியிருக்குது, டேங்குக்குள்ள 450 வாட்டுக்கு மேல, ஓய்வே இல்லாம. 25 லிட்டருக்கு அது நாலு நிமிசத்துக்கு ஒரு டிகிரி ஏத்தும், விடியறதுக்குள்ள கொதிக்காம என்ன பண்ணும். ஒரு நாளைக்கு பத்து யூனிட்டுக்கு மேல மண்ணுக்குள்ள விட்டிருக்கீங்க. 20 ஆம்பியர் எம்சிபிக்கு இதெல்லாம் ஒரு லோடே இல்ல, அது தூங்கிட்டுத்தான் இருக்கும். ஆர்சிசிபிக்கு 30 மில்லி ஆம்பியர் போதும், இது அதை விட எழுவது மடங்கு.

எனக்கு இதுல பெரிய பயம் என்னன்னா எர்த். இப்ப ஈரம் இருக்குது, குளிக்கற தண்ணியும் அங்கயே போகுது, அதனால பாடியில 20, 25 வோல்ட்டுதான் நின்னுச்சு, எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு. சித்திரையில மண்ணு காஞ்சு, பாறை நெலம் வேற, எர்த் 50 ஓம் ஆச்சுன்னு வைங்க, அதே லீக்கேஜுக்கு குழாய்ல 80 வோல்ட்டு நிக்கும். ஈர உடம்புக்கு 80 வோல்ட்டு. ஒயர் அறுந்து எர்த்தே இல்லாமப் போச்சுன்னா முழு 230. அம்மா சொன்னப்பவே கேட்டிருக்கணும்னு வருத்தப்படாதீங்க, இப்ப கேட்டுட்டீங்க, அது போதும்.

இனி செய்ய வேண்டியது. முதல்ல மேல ஒயர், லைசென்ஸ் வச்சிருக்கற ஆளக் கூட்டிட்டு வந்து சரி பண்ணுங்க, இதுல நீங்க ஏறாதீங்க. அறுந்த ஒயர முறுக்கிக் கட்டறது வேலை இல்ல, செவப்பு கருப்பு பச்சைன்னு கலர் வச்சு 4 ஸ்கொயர் செப்பு ஒயர் புதுசா பைப்புல இழுக்கச் சொல்லுங்க, இருவது அடிதான, செலவு பெருசா வராது. மெயின் போர்டுல பாத்ரூம் லைனுக்கு ஆர்சிசிபி. சுவரு சுவிட்சுக்கு பதிலா டபுள் போல் சுவிட்ச், அது பேஸ் நியூட்ரல் ரெண்டையும் சேத்து நிறுத்தும், நாளைக்கே மறுபடி கிளை விழுந்து யாராச்சும் மாத்திக் கட்டினாலும் ஆஃப்னா ஆஃப்பாவே இருக்கும். காயில் புதுசு, வாசர் புதுசு, மெக்னீசியம் ராடு புதுசு. மாட்டினதும் டேங்க் நெறஞ்சு வெந்நீர் குழாய்ல தண்ணி தடையில்லாம வந்த பின்னாடிதான் கரண்ட் குடுக்கணும், காஞ்ச டேங்க்ல போட்டா புதுக் காயில் நிமிசத்துல போயிரும். நீங்க வாங்கின தெர்மோஸ்டாட்டையே போடுங்க, அது நல்லாத்தான் இருக்குது.

ஹில்ஸ் ரைடர் 27

ஐயா, நான் இன்னைக்கு கட்-அவுட் வாங்கி மாட்டிட்டேன். கழட்டினப்ப முறுக்கி விட்டிருந்த எடத்துல டேப் உருகி ஒயரோட ஒட்டியிருந்துச்சு. நீங்க சொல்லலைன்னா தெரிஞ்சிருக்காது. அந்த சேப்டி வால்வயும் பாக்கணுமா?

குகை மின்பணி

பாருங்க தம்பி. வால்வுல சின்ன நெம்புகோல் இருக்கும், கீசர் ஆறி இருக்கறப்ப அதத் தூக்கி விட்டா தண்ணி சொட்டணும். சொட்டலைன்னா உப்பு அடைச்சிருக்குது, மாத்திருங்க. அதோட வாய நிறைய பேரு தண்ணி ஒழுகுதுன்னு அடைச்சு வச்சிருவாங்க, அப்படி இருந்தா உடனே எடுத்து விடுங்க.

நாகலூர் மிளகு

வேலை முடிஞ்சுது ஐயா, ரெண்டு நாள் ஆச்சு. அஸ்தம்பட்டியில இருந்து ஒருத்தர் வந்தார், மேல ஒயர் முறுக்கின எடத்தக் காட்டினார், ஓட்டுக்கு அடியில பீங்கான் குமிழ்ல ரெண்டு கருப்பு ஒயரும் ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கா போயிருந்துச்சு, நீங்க சொன்ன மாதிரியே. முழுசா எடுத்துட்டு பைப்புல இழுத்தாச்சு. ஆர்சிசிபி போட்டாச்சு, டெஸ்ட் பட்டன அமுக்கினா டக்குனு விழுது. பழைய காயில ஒரு நிமிசம் சேத்துப் பாக்கலாமான்னு அவரே கேட்டார், சேத்து எம்சிபிய ஏத்தினதும் ஆர்சிசிபி நிக்கவே இல்ல, விழுந்திருச்சு. அம்மா பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தாங்க.

புதுக் காயில்ல 60 டிகிரிக்கு நாப்பது நிமிசம் ஆகுது, ராத்திரி வோல்ட்டேஜ் கம்மியான நேரத்துல ஒரு மணி நேரம் ஆகுது. இது சரிதானுங்களா? நேத்து முழுக்க சுவிட்ச் போடாம விட்டுட்டு இன்னைக்குக் காலையில குழாயத் திறந்து பாத்தேன், தண்ணி ஜில்லுனு வருது.

குகை மின்பணி

சரிதான் தம்பி. 180 வோல்ட்டுக்கு எறங்கினா உங்க 2000 வாட் காயில் 1200 வாட்டுதான் இழுக்கும், ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும், காயில்ல கோளாறு இல்ல. ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன மாசம் ஒரு தடவ அமுக்குங்க. மாசி பங்குனியில எர்த் குழாய்ல வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க.